கட்டிலோட இருக்கிற அண்ணாவைப் பாக்கிற அக்காவுக்கு, வெளிநாட்டில இருந்து நான் என்ன உதவி செய்யலாம்?

நீங்கள் மாசாமாசம் காசு அனுப்புற ஆள் எண்டு நினைக்கிறன். அதை நிப்பாட்டச் சொல்லேல்ல, பம்பர்ஸ், மூத்திரம் போற கதீட்டர் குழாய், புண்ணுக்குக் கட்டுற கோஸ் எல்லாம் என்ன விலை எண்டு எனக்கும் தெரியும், பேந்து ஆரும் சண்டைக்கு வரவேண்டாம். ஆனா உங்கட அக்காவுக்கு இப்ப வேண்டியது நித்திரை.

என்ர தம்பி கள்ளுச் சீவல் தொழில் செய்தவன், 2016 இல பனையால விழுந்திட்டான். இடுப்புக்குக் கீழ உணர்வில்ல. ஒரே பக்கமாக் கிடந்தா அவனுக்கு நோகாது, ஆனா படுக்கைப்புண் வந்திடும், அதால ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்டிவிட வேணும், இரவிலயும்தான். முதல் வருசம் ஒரு இரவு நான் அசந்து போனன், விடியப் பாத்தா நாரிக்குக் கீழ தோல் கண்டிப்போய்க் கிடக்கு, அது புண்ணாகி ஆற அஞ்சு மாசம்.

சொந்தக்காரர் வராமலில்ல. அங்கர் பால்மாப் பெட்டியும் பிஸ்கட்டும் கொண்டு வருவினம், "இன்னும் கால் அசையேல்லையோ பிள்ளை" எண்டு அவனுக்குக் கேக்கத்தக்கதாவே கேப்பினம், நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக் கோப்பை கழுவ அடுத்த தரம் பிரட்டுற நேரம் வந்திடும்.

தம்பியோட தொழில் செய்த அண்ணை ஒராள் மட்டும், காலமை மரம் ஏறி இறங்கிப்போட்டு ஒரு ஞாயிறு மத்தியானம் வந்து, "தங்கச்சி, எப்பிடிப் பிரட்டுறது எண்டு காட்டிப்போட்டு நீ போய்ப் படு" எண்டார். பெட்சீற்றை மடிச்சு இழுக்கிறது, முழங்காலுக்கு நடுவில தலகணி வைக்கிறது, யூரின் பாக்கை எப்பவும் இடுப்புக்குக் கீழ பதிவாத் தொங்கவிடுறது எல்லாம் ரெண்டு தரம் செய்து காட்டினன். பக்கத்து வீட்டு விறாந்தையில நாலு மணித்தியாலம் நித்திரை, திடுக்கிட்டு எழும்பி ஓடியந்தா ரெண்டு பேரும் பழைய கதை கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு இருக்கினம். தம்பி சத்தம் போட்டுச் சிரிச்சு எவ்வளவு காலம். நாள் முழுக்க என்ர முகத்தையே பாத்துக்கொண்டு கிடக்கிறது அவனுக்கும் களைப்புத்தானே, அது எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது. தம்பியைப் பாரமா நினைக்கிறன் எண்டு தயவுசெய்து ஆரும் எழுதாதேங்கோ.

இன்னொண்டு, ஒரு வங்கியில ஆளை நேரில கொண்டு வரச் சொல்லி ஆட்டோவில ஏத்திக்கொண்டு போனா வாசலில ஏழு படி, றோட்டில சனம் பாக்க நாலு பேர் தூக்கினவை. இலங்கையில பொதுக் கட்டிடங்களில வீல்செயார் போக வழி வைக்க வேணும் எண்டு 2006 இலயே ஒழுங்குவிதி வந்திட்டுது, ஆர் பாக்கினம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், ஆனா நினைச்சா இப்பவும் கொதிக்குது.

ஊரில உங்கட ஆக்கள் ஆரும் இருந்தா கிழமைக்கு ஒரு நாள், சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கச் சொல்லுங்கோ. ஒருத்தரும் இல்லாட்டி அனுப்புற காசில இரவுக்கு ஒராளைப் பிடிச்சு விடுங்கோ. அக்காவைக் கேட்டா ஒண்டும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவா. அந்த அண்ணைக்கு நானும் முதலில அப்பிடித்தான் சொன்னனான்.