டிசம்பர் லீவுக்கு எந்தக் கடற்கரை? அக்காவின் பதில்கள்

இந்த வாரம் பேராக் சுங்கை சிப்புட்டுல இருந்தே மூணு பேரு கடலப் பத்தி கேட்டு எழுதிருக்காங்க, அதனால மத்த கேள்விங்கள அடுத்த வாரத்துக்கு தள்ளி வச்சிட்டேன்.

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க தோட்டத்து லயத்துல இருந்து இப்பதான் டவுன் பக்கம் தாமான் வீட்டுக்கு மாறி வந்திருக்கோம். நானு, வீட்டுக்காரரு, ரெண்டு பிள்ளைங்க, மாமியாரு. டிசம்பர் ஸ்கூல் லீவுல மூணு நாளு கடல் பக்கம் போய் இருந்துட்டு வரணும், நல்ல வெயில் வேணும். பெரியவன் போன்ல பெர்ஹெந்தியான் தீவு படத்த காட்டி அங்கதான் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அத்தைக்கு முட்டி வலி, வெள்ளிக்கிழமை கவுச்சி தொட மாட்டாங்க. எங்க போறதுன்னு சொல்லுங்கக்கா.

பதில்: தங்கச்சி, ஊர தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி மாசத்த பாருங்க. பெர்ஹெந்தியான் அழகுதான், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா அது திரங்கானு பக்கம். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்கு பருவக்காத்து தென்சீனக் கடல் மேல வந்து கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூர் கிழக்குக் கரைன்னு நேரா மோதும். டிசம்பர்ல அந்தப் பக்கம் வெள்ளம்னு வருஷா வருஷம் செய்தியில பாக்குறோம்ல, அதே காத்து, அதே மழைதான். தீவுல முக்காவாசி சாலே எல்லாம் மூடிருப்பாங்க, கடலும் குளிக்கிற நெலமையில இருக்காது. இப்ப சீப்பா பேக்கேஜ் இருக்குன்னு யாராச்சும் சொன்னாக்கூட பணத்த கட்டிடாதீங்க. பையன்கிட்ட இத ஏமாத்தாம சொல்லிடுங்க, வருஷ நடுவுல வர்ற லீவுக்கு கோலா பெசுட் ஜெட்டில இருந்து படகு ஏறலாம்னு இப்பவே பேசி வச்சுக்குங்க, அந்த நேரம் கடல் அமைதியா இருக்கும், பாக்குற எடத்துல எல்லாம் மீனு கண்ணுக்குத் தெரியும்.

நம்ம பக்கம் அப்படி இல்ல. நடுவுல தித்திவாங்சா மலைத்தொடர் நின்னு அந்த மழைய பாதி வாங்கிக்குது, அதனால டிசம்பர்னா மேற்குக் கரைதான். அதுலயும் வெயில் மட்டும்தான் முக்கியம்னா லங்காவிக்கு ஈடு இல்ல, வடக்கால இருக்கிறதால டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அங்க காய்ஞ்ச காலம். ஆனா உங்க கணக்கு மூணு நாளு. கோலா கெடா வரைக்கும் காடி ஓட்டிட்டு போய், ஃபெரில ஒன்னே முக்கா மணி நேரம் கிட்ட உக்காந்து, எறங்கி வேற காடி வாடகைக்கு எடுத்து, பந்தாய் செனாங் கடற்கரைக்கு போய் சேர்றதுக்குள்ள பொழுது போயிடும், திரும்பவும் அதே பாடு, அப்புறம் கடல்ல கால் நனைக்க நடுவுல ஒரு நாளுதான் மிஞ்சும். அஞ்சு நாளு கெடைச்சா நானே லங்காவிக்குத்தான் போங்கன்னு சொல்லுவேன்.

மூணு நாளுக்கு, அதுவும் அத்தைய வச்சுக்கிட்டு, பங்கோர் தீவுதான் என் முடிவு. ஈப்போ வழியா லுமுட்டுக்கு ரெண்டு மணி நேரம்தான், காடிய அங்க பார்க்கிங்ல போட்டுட்டு ஃபெரி ஏறிடலாம். ஃபெரி மொதல்ல சுங்கை பினாங் கெச்சில்ல நிக்கும், எல்லாரும் எறங்குறாங்கன்னு நீங்களும் எறங்கிடாதீங்க, அடுத்தது பங்கோர் டவுன், அங்கதான் வேன் டாக்ஸி நெறைய நிக்கும்.

அத்தைக்காக ஒன்னு சொல்றேன், இத எந்த விளம்பரத்துலயும் போட மாட்டாங்க. தண்ணி வத்திருக்கிற நேரத்துல படகு கீழ எறங்கி நிக்கும், ஜெட்டி மேலயே நிக்கும், நடுவுல இருக்கிற படி செங்குத்தா, பாசி புடிச்சு ஈரமா இருக்கும். முட்டி வலி உள்ளவங்களுக்கு அந்த நாலஞ்சு படிதான் மொத்தப் பயணத்துலயும் கஷ்டம். பௌர்ணமி, அமாவாசை ஒட்டின நாளுல வத்து ரொம்ப அதிகமா இருக்கும், வீட்டுல மாட்டிருக்கிற காலண்டர்லயே பாத்து அந்த நாள தவிர்த்துடுங்க, இல்லன்னா தண்ணி ஏறியிருக்கிற நேரத்துக்கு ஃபெரி புடிங்க. கூட்டத்தோட ஏறாம கடைசியா ஏறட்டும், வீட்டுக்காரரு படகுக்குள்ள மொதல்ல போய் கை குடுக்கட்டும், பின்னால நீங்க நில்லுங்க.

தங்குறதுக்கு தெலுக் நிப்பா பீச். மணலு நல்லா இருக்கும், இருவாச்சி குருவிங்க மரத்துல இருந்து கூட்டமா எறங்கி வரும், சின்னதுக்கு அது ஒன்னே போதும். ரூம் எடுக்கும்போது கீழ் மாடியா, பீச்சுக்கு ரோட்ட தாண்டாம போலாமான்னு ரெண்டையும் போன்லயே கேட்டுடுங்க. உண்மைய சொல்லணும்னா டிசம்பர்ல பேராக் பக்கம் மத்தியானத்துக்கு மேல மழை வரும், நாள் பூரா அடிக்கிற மழை இல்ல, ஆனா வரும். அதனால பிள்ளைங்கள காலையில எழுப்பி பசியாறுன கையோட கடலுக்கு விட்டுடுங்க, மத்தியானம் டச்சுக்காரன் 1670ல கட்டுன கோட்டை, டவுன்ல கருவாட்டுக் கடைன்னு சுத்தலாம். 2020ல இருந்து பங்கோர் வரியில்லாத தீவு, சாக்லேட்டு வாங்கலாம். வெள்ளிக்கிழமைக்கு ரைஸ் குக்கரும் ஊறுகாயும் கையில எடுத்துட்டு போயிடுங்க, சைவக் கடைய தேடிக்கிட்டு வயசானவங்கள வெயில்ல நடக்க விடாதீங்க.

பையில ஒரு போத்தல் வினிகர் கண்டிப்பா இருக்கணும். மேற்குக் கரையில ஜெல்லி மீனு உண்டு. பட்டுடுச்சின்னா தேய்க்கக் கூடாது, பைப்புத் தண்ணி ஊத்தக் கூடாது, வினிகர ஊத்திட்டு உடனே கிளினிக் தூக்கிட்டுப் போங்க. இத மட்டும் மறந்துடாதீங்க தங்கச்சி, பிள்ளைங்க விஷயம்.

கேள்வி: அக்கா, புதுசா கல்யாணம் ஆனவங்க நாங்க. போர்ட் டிக்சன்ல ரூம் சீப்பா கெடைக்குதுன்னு கூட்டாளிங்க சொல்றாங்க. போலாமா?

பதில்: தம்பி, சிரம்பான்ல இருக்கிறவங்களுக்கு, கேஎல்ல இருக்கிறவங்களுக்கு அது பக்கம், ஞாயித்துக்கிழமை போயிட்டு சாயங்காலம் வந்துடலாம். நீங்க சுங்கை சிப்புட்டுல இருந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும். ரூம்ல மிச்சம் புடிக்கிற வெள்ளி எண்ணெய்க்கும் டோலுக்கும் போயிடும், தண்ணியும் கலங்கலாத்தான் இருக்கும். அங்க இருக்கிற தஞ்சோங் துவான் காட்டு வழியா ஏறி கலங்கரை விளக்கத்த பாக்கணும்னு ஆசை இருந்தா பிப்ரவரி, மார்ச்ல போங்க, வடக்கால திரும்பிப் போற பருந்துங்க கடல தாண்டி அந்த எடத்துலதான் வந்து சேரும். இப்போதைக்கு பத்து பெரிங்கி போங்க, பினாங்குல கடலும் இருக்கு, சாயங்காலம் ஆனா லிட்டில் இந்தியால சாப்பாடும் இருக்கு.

கேள்வி: அம்மா, நான் தோட்டத்துல பால் வெட்டி ஓய்வானவன். மகன் கடற்கரைக்கு கூட்டிட்டுப் போறேன்னு சொல்றான். கோயிலும் கடலும் சேர்ந்து இருந்தா எனக்கு நிம்மதி.

பதில்: ஐயா, உங்களுக்கும் பங்கோர்தான், ஆனா டிசம்பர் வேணாம். மாசி வரைக்கும் பொறுங்க. சுங்கை பினாங் கெச்சில்ல பத்திரகாளியம்மன் கோயில் கடலப் பாத்தே இருக்கு, மாசி மகத்துக்கு பக்தருங்க எங்கிருந்தெல்லாமோ வருவாங்க, அந்த மாசம் மழையும் கொறைவு. திருவிழா அன்னைக்கு ஃபெரில நிக்க எடம் இருக்காது, அதனால முதல் நாளே போய் தங்கிடுங்க, ரூம இப்பவே போட்டு வைக்கச் சொல்லி மகன்கிட்ட சொல்லுங்க.