எனக்கு மட்டும் ஏன் அழைப்பு வரவில்லை?

கேள்வி: அம்மா, ஞாயிறு பள்ளியில், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைக் கேட்டுத்தான் நர்சிங் படித்தேன். இப்போது கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. சபையில் பலர் "ஆண்டவர் என்னை அழைத்தார்" என்று சாட்சி சொல்கிறார்கள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை. டியூட்டி முடிந்து வந்தால் கால் வலிதான். ஒரு மனுஷியைப் பார்த்து ஆசைப்பட்டதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேனோ?
- வாசகி, பெருமாள்மலை

பதில்: மகளே, நானும் 31 வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். உன் கால் வலி எனக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதையை நாம் வேகமாகச் சொல்லிவிடுகிறோம். ஐடாவுக்கு மிஷனரி ஆக ஆசையே இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வந்து கூப்பிட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவ வலி. "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

கவனித்தாயா? அன்று ஐடா யாரையும் காப்பாற்றவில்லை. வானத்திலிருந்து யாரும் பேசவும் இல்லை. வாசலில் நின்ற மூன்று புருஷன்மார்தான் கூப்பிட்டார்கள். அப்புறம் நடந்ததெல்லாம் படிப்பும் உழைப்பும்தான். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம், 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சை, 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. நடுவில் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அந்தச் சாலைதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. சாட்சியில் சொல்ல அதில் என்ன இருக்கிறது? அடுத்த வாரமும் அதே மரம், அதே மாதிரிப் புண்.

மனுஷியைப் பார்த்து ஆசைப்பட்டேனே என்கிறாய். "நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல, நீங்கள் என்னைப் பின்பற்றுகிறவர்களாயிருங்கள்" என்று பவுலே எழுதவில்லையா? ஐடாவின் வேலூர் கல்லூரியின் குறிக்கோள் வாசகமும், ஊழியங்கொள்ள வராமல் ஊழியஞ்செய்ய வந்த இயேசுவைப் பற்றிய மாற்கு 10:45-லிருந்து எடுத்ததுதான். ஐடாவைப் பார்த்தபடியே போ, அவர் யாரைப் பார்த்தாரோ அங்கேதான் போய்ச் சேருவாய்.

என் கதை ஒன்று. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பாட்டி, முழங்காலுக்குக் கீழே புண்ணோடு வந்தார். பழைய சேலைத் துணியால் கட்டியிருந்தார்கள், அது சதையோடு ஒட்டிக்கிடந்தது. இழுத்தால் உயிர் போகும். சலைனை ஊற்றி ஊற்றி, நூல் நூலாகப் பிரித்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் பாட்டி என் தோளில் கை வைத்தபடி தூங்கிவிட்டார், அந்த வலியிலும். எனக்கும் அதுவரை எந்தச் சத்தமும் கேட்டதில்லை. அன்றைக்குப் பிறகு நான் அதைத் தேடவும் இல்லை.

ஐடா 1960 மே மாதம், 89 வயதில், இந்தக் கொடைக்கானலில்தான் கண் மூடினார். நீ தினமும் வேலைக்கு வருகிற ஊர்.

சரி, இன்று ராத்திரி வெந்நீரில் கல் உப்புப் போட்டுக் காலை வை. அடுத்த ஞாயிறு உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எழுந்து நில். யார் பெயரையும் சொல்லாமல், போன வாரம் நைட் டியூட்டியில் எத்தனை மணிக்கு எந்தக் கட்டிலிலிருந்து "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள், நீ போய் என்ன செய்தாய் என்று மட்டும் சொல்.