மஞ்சள் தண்ணீரும் நீலத் தோலும்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் அளிப்பவர் வேலூரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் 28 ஆண்டுகள் வேதியியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: எங்கள் ஊர் ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் பக்கம். அங்கிருந்த குரோமியம் ஆலையை மூடியபோது நான் பள்ளி மாணவி. இப்போது என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஆனாலும் மழை விட்ட பிறகு அந்தப் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் மஞ்சளாக ஓடுகிறது. ஆலையே ஓடாதபோது நஞ்சு எங்கிருந்து வருகிறது, அம்மா? – ஒரு வாசகி, ராணிப்பேட்டை

ஆலையைப் பூட்டினார்கள், அது கொட்டிய குவியல் திறந்த வெளியிலேயே கிடந்தது. ஒன்றரை லட்சம் டன் அளவுக்கு, சகோதரி.

இத்தகைய ஆலைகளில் குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுப்பார்கள். பல இடங்களில் சுண்ணாம்பும் சேர்ப்பதுண்டு. தாதுவுக்குள் குரோமியம் மூன்றாம் நிலை என்னும் வேதி வடிவில் இருக்கிறது. கல்லைப் போல் கிடக்கும், கரையாது. நெருப்பும் காற்றும் காரமும் சேரும்போது அது ஆறாம் நிலைக்கு மாறி, குரோமேட் என்னும் மஞ்சள் உப்பாகிறது. அதைத் தண்ணீரில் கரைத்து எடுத்துக்கொண்டு சக்கையை வெளியே கொட்டுவார்கள். சக்கையில் கொஞ்சம் குரோமேட் தங்கிவிடும். அதிலும் ஒரு பகுதி மிக மெல்லத்தான் கரையும். காப்பித்தூளில் இரண்டாம் டிகாக்‌ஷன், மூன்றாம் டிகாக்‌ஷன் இறக்குவதைப் போல, ஒவ்வொரு மழையும் அந்தக் குவியலிலிருந்து ஒரு முறை இறக்கிக்கொண்டு போகிறது. ஆலை மூடிச் சுமார் முப்பது ஆண்டுகள் ஆகின்றன; நீங்கள் பார்த்த மஞ்சள் அதுதான்.

இறங்கிய குரோமேட்டை மண் தடுக்காதா என்று கேட்பீர்கள். களிமண்ணின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, குரோமேட்டும் அப்படியே. எனவே மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. காரம் மிகுந்த மண்ணில் பிடிப்பு இன்னும் குறைவு. தண்ணீர் எந்த வழியில் போகிறதோ அந்த வழியில் கிணறு வரை போய்விடும். மூன்றாம் நிலைக் குரோமியம் நேர் எதிர்: விழுந்த இடத்திலேயே மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பெண்மணி உங்கள் பக்கத்திலிருந்து ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் கொண்டு வந்தார். அமிலம் விட்டு, டைஃபீனைல் கார்பசைடு கரைசலைச் சொட்டினேன். ஆறாம் நிலைக் குரோமியம் இருந்தால் குடுவை கத்தரிப்பூ நிறமாகும். அன்று வந்ததைப் போன்ற அடர்ந்த நிறத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்த அவர், “அழகான நிறமாக இருக்கிறதே, அம்மா” என்றார். அந்தத் தண்ணீரில்தான் அவர் மாட்டுக்குத் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். என்ன பதில் சொல்வது என்று எனக்கு நா எழவில்லை.

ஏன் அவ்வளவு பயம்? குரோமேட்டின் உருவம் சல்பேட்டின் உருவத்தைப் போன்றது. சல்பேட் நுழையும் வாசல் வழியே அது நம் உயிரணுவுக்குள் போய்விடுகிறது. உள்ளே மூன்றாம் நிலைக்கு இறங்கும் வழியில் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. கண்ணுக்கே மஞ்சள் தெரிகிறது என்றால் அந்த வரம்பை அது எத்தனையோ மடங்கு தாண்டிவிட்டது. தெளிவாக இருக்கும் தண்ணீரையும் அதனால் நம்பிவிட வேண்டாம்.

ஆறாம் நிலையை இறக்கவும் வழி உண்டு. எரு, இலைமக்கு, ஒருவகை இரும்பு உப்பு ஆகியவை அதை மூன்றாம் நிலைக்குத் திருப்பும். ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் சிறிதளவை மறுபடி மேலே ஏற்றிவிடக்கூடியவை. ஆகவே “மண்ணில் குரோமியம் இவ்வளவு” என்று ஒற்றை எண்ணைக் காட்டினால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள். மாதிரி கொடுக்கும்போது ஆறாம் நிலைக் குரோமியத்தைத் தனியாகக் குறிப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை மாடோ குழந்தையோ அந்த வாய்க்காலில் கால் வைக்க வேண்டாம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் சொன்னது நம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான். அந்தக் குவியலை எண்ணும்போதெல்லாம் இந்த ஆண்டுக்கணக்கு என்னை வருத்துகிறது.

கேள்வி: என் மாமியார் காலணித் தொழிற்சாலையில் வெட்டியது போக விழும் தோல் துண்டுகளை மூட்டையாக வாங்கி வெந்நீர் அடுப்பில் எரிக்கிறார். அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் தேய்க்கிறோம். தவறா? – ஒரு வாசகி, ஆம்பூர்

இன்றே நிறுத்துங்கள். மாமியாரிடம் இந்தப் பக்கத்தையே படித்துக் காட்டுங்கள்.

அந்தக் காலத்தில் பேரணாம்பட்டுப் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலை என் பாட்டி அடுப்பில் போட்டிருந்தால் நாற்றத்தோடு போயிருக்கும். இன்று பெரும்பாலும் குரோமியம் போட்டுப் பதனிடுகிறார்கள். தொட்டியிலிருந்து ஈரமாக வெளிவரும்போது அந்தத் தோல் வெளிர்நீலமாக இருக்குமே, அந்த நீலம் மூன்றாம் நிலைக் குரோமியம். காலில் போடும் வரை பெரிய தீங்கில்லை. எரித்தால், மேலே சொன்ன ஆலையின் வறுவலைத்தான் நீங்கள் வீட்டு அடுப்பில் நடத்துகிறீர்கள். நெருப்பும் காற்றும் இருக்கின்றன. காரத்துக்கு விறகுச் சாம்பல் இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஆறாம் நிலையாகச் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பல்தான் உங்கள் சோற்றுப் பாத்திரத்தில். மிச்சமிருக்கும் மூட்டையை நனையாமல் கட்டி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். சாம்பலைச் செடிக்கும் போடாதீர்கள்.

கேள்வி: மாசுபட்ட தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதாதா? – ஒரு வாசகர், மேல்விஷாரம்

கிருமிக்குப் போதும். உப்பும் குரோமியமும் ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்திதான் ஏறும்.

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் ஓலை நுனி கருகுகிறது, காய் சிறுத்துவிட்டது. கிணறு கரிக்கிறது. இளநீரில் குரோமியம் ஏறியிருக்குமோ என்று யாரும் வாங்க மறுக்கிறார்கள். – ஒரு விவசாயி, வாணியம்பாடி

ஐயா, குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும். காய் வரை ஏறுவது மிகக் குறைவு. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம். தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பச்சைத் தோலை, அழுகாமலிருக்க உப்பை அள்ளிப் போட்டுத்தான் கொண்டு வருவார்கள். முதல் ஊறலிலேயே அது தண்ணீருக்கு வந்துவிடும். அதை எந்த நுண்ணுயிரும் தின்னாது, சுண்ணாம்பு போட்டாலும் படியாது. சுத்திகரிப்பு நிலையத்தில் மற்றவற்றைப் பிடித்த பிறகும் உப்பு நழுவிப் போய்விடும். சவ்வு வழியே வடிகட்டினாலோ ஆவியாக்கினாலோதான் பிரியும்.

கடலோரத்தில் தென்னை செழிக்கிறதே என்பீர்கள். அங்கே மணல்; மழை உப்பைக் கீழே கழுவிவிடும். உங்கள் பக்கம் களி கலந்த மண்ணாக இருந்தால், சோடியம் ஏறிய களி இறுகித் தண்ணீரை இறங்கவிடாது. வேர் மூச்சு முட்டும். மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்து, சோடியம் அதிகம் என்று தெரிந்தால் ஜிப்சம் இட்டு, மழைநீரைத் தோப்பில் தேக்கி இறக்குங்கள். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் பணம்தான் போகும். இளநீரையும் ஒருமுறை சோதித்து, அந்த முடிவை வாங்குபவர்களிடம் காட்டுங்கள்.

கேள்வி: 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியது. ஆறு கழுவப்பட்டுவிட்டது என்கிறார்களே? – ஒரு வாசகர், பள்ளிகொண்டா

உப்பைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. அத்தனை நல்ல தண்ணீர் மணலில் இறங்கினால் கிணற்றின் கரிப்பு குறையத்தான் செய்யும். மண்ணோடு ஒட்டிய குரோமியம் கதை வேறு. அது கரைந்து போகாது, வண்டலோடு உருண்டு போகும். வெள்ளம் வேகம் தணிந்த ஏரியிலும் வயலிலும் படியும். உங்கள் நிலத்தில் வெள்ளம் ஏறியிருந்தால், உழாத வரப்பு மூலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மேலே படிந்த வண்டலை ஒரு பையிலும் அதன் கீழுள்ள பழைய மண்ணை இன்னொரு பையிலும் எடுத்து, எத்தனை விரற்கடை ஆழம் என்று பையின் மேல் எழுதிச் சோதனைக்குக் கொடுங்கள்.