ஆசிரியருக்கு எவ்வளவு உளநலம் தெரிந்தால் போதும்?

கேள்வி: வலயத்திலுள்ள ஆசிரியர்கள் 40 பேருக்கு ஒருநாள் செயலமர்வு நடத்தித் தரும்படி எங்கள் உளநலப் பிரிவைக் கேட்டிருக்கிறார்கள். மனச்சோர்வு, பதகளிப்பு, கற்றல் இடர்பாடு, போதைப்பொருள் பாவனை எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லி முடிக்கலாமா?
– தாதிய உத்தியோகத்தர், கிளிநொச்சி

பதில்: சொல்லி முடிக்கலாம். ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் ஒன்றும் மாறியிராது. நோய்ப் பெயர்களை வரிசையாகக் கொடுத்தால் ஆசிரியர்கள் அவற்றைப் பிள்ளைகள் மேல் ஒட்டத் தொடங்குவார்கள். "அவனுக்கு ஏடிஎச்டி" (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறு) என்று ஓய்வறையில் ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சு அந்தப் பிள்ளை சாதாரண தரம் எழுதும்வரை கூடவே போகும். நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஆசிரியர் பிள்ளையில் தெரியும் மாற்றத்தைக் கவனித்து, குறுக்கிடாமல் கேட்டு, உரிய ஆளிடம் சேர்த்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் 'பார், கேள், இணை' என்றுதான் சொல்கிறது.

ஒரு நாளை இரண்டு அரை நாட்களாக்கி, இடையில் நான்கு கிழமை விடுங்கள். ஆட்களையும் இரண்டு குழுவாக்குங்கள். 20 பேருக்கு மேல் போனால் நடித்துப் பழக நேரம் போதாது, கடைசியில் விரிவுரைதான் மிஞ்சும்.

முதல் அமர்வில் பெரும்பகுதி நேரம் கேட்கும் பயிற்சிக்கே போகட்டும். மூன்று மூன்று பேராக இருத்துங்கள்: ஒருவர் ஆசிரியர், ஒருவர் பிள்ளை, மற்றவர் பார்வையாளர். பிள்ளையாக நடிப்பவருக்கு ஒரு சிறு அட்டை: 'தாய் குவைத்தில், அம்மம்மாவோடு இருக்கிறது, இரண்டு கிழமையாக மூன்றாம் பாடவேளையில் தலையிடி என்று வீட்டுக்குப் போகிறது.' ஆசிரியர் எத்தனையாவது வசனத்தில் புத்திமதிக்குள் இறங்குகிறார் என்று எண்ணுவதுதான் பார்வையாளரின் வேலை. மூன்றாவது வசனத்திலேயே "நீர் நல்லாப் படிச்சால் எல்லாம் சரிவரும்" வந்துவிழும், சபை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு திரும்பவும் செய்யச் சொல்லுங்கள். "எப்ப தொடங்கினது?", "வேற ஆருக்குத் தெரியும்?" போன்ற கேள்விகள் அப்போதுதான் வரும்.

'இணை' என்ற பகுதிக்கு ஒரு தாள் போதும். அதை ஆசிரியர்களே நிரப்பட்டும்: பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியர் யார், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் யார், உளநலக் கிளினிக் எந்த நாளில். எந்த பஸ்ஸில் போய் எந்த பஸ்ஸில் திரும்பலாம் என்பதையும் எழுத வேண்டும். ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கக் கிராமம் ஒன்றிலிருந்து மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும் என்றால், துண்டு கொடுத்தும் பிள்ளை வராது. தேசிய உளநல உதவி இலக்கம் 1926, சிறுவர் பாதுகாப்பு இலக்கம் 1929 இரண்டும் தாளின் அடியில் இருக்கட்டும்.

இன்னொன்று. பாடசாலைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். யுத்தத்தின் இழப்பை நேரே சுமப்பவர்கள் தாய்தகப்பன்மாரும், உங்களுக்கு முன்னால் கதிரையில் இருக்கும் ஆசிரியர்களும்தான். யுத்தப் படங்கள் வேண்டாம். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று சுற்றிவரக் கேட்கவும் வேண்டாம். சபையில் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது ஆற்றாது, சிலருக்குப் புண்ணைக் கிளறிவிடும். யாராவது எழுந்து வெளியே போனால் கூடப் போக, வளவாளர் ஒருவர் கைவேலை இல்லாமல் நிற்க வேண்டும்.

இரண்டாம் அமர்வுக்குப் பணம் இல்லை என்பார்கள். விடாதீர்கள். ஆசிரியர் தான் முயன்று பார்த்ததைப் பிள்ளையின் பெயர் சொல்லாமல் கொண்டுவந்து பேசும் இடம் அது. அது இல்லாத பயிற்சியில் மிஞ்சுவது சான்றிதழும் மத்தியானச் சாப்பாடும்தான்.

கேள்வி: தரம் 9 மாணவி ஒருத்தி, "மிஸ், எனக்கு உயிரோட இருக்கப் பிடிக்கேல்லை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்கிறாள். பயிற்சியில் இரகசியம் பேணச் சொன்னார்களே?
– ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: உயிருக்கு ஆபத்து என்றால் அந்த விதி பொருந்தாது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உம்மைப் பாதுகாக்கக்கூடிய ஆளுக்கு மட்டும் சொல்லுவன். ஆருக்கு எண்டு முதல் உமக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்" என்று சொல்லுங்கள். பிறகு நேரடியாகவே கேளுங்கள்: "சாகவேணும் எண்டு யோசிக்கிறீரா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சுற்றிவளைத்தால்தான் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

ஆம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள், மலசலகூடத்துக்கும்கூட. அதிபருக்கும் உளவளத்துணை ஆசிரியருக்கும் அறிவித்து, பொறுப்பான ஒருவரைப் பாடசாலைக்கு அழைத்து, அன்றைக்கே வைத்தியசாலையில் காட்ட வேண்டும். இன்னொரு பிள்ளையிடம் துண்டு கொடுத்தனுப்ப வேண்டாம். துன்பம் வீட்டிலிருந்தே வருகிறது என்றால் அந்த ஆளை அழைக்காமல் 1929 இற்கு எடுங்கள். வயல் செய்யும் வீடென்றால் பூச்சிநாசினியையும் களைநாசினியையும் அன்றே வீட்டைவிட்டு அகற்றவோ பூட்டவோ சொல்லுங்கள்; மாத்திரைகளையும்தான். சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் உயிரைக் காப்பதில் இதற்கு நிகரான வேலை குறைவு.

அவள் திரும்பி வந்ததும் ஓய்வறை முழுக்க விபரம் தெரிய வேண்டியதில்லை. அடுத்த நாளும், ஒரு கிழமையிலும், ஒரு மாதத்திலும் நீங்கள் ஒரு வார்த்தை விசாரித்தால் போதும்.

கேள்வி: தரம் 4 பையன் பாடம் நடக்கும்போது அடிக்கடி வெறித்துப் பார்க்கிறான். கவனக்குறைவா, மனப்பிரச்சினையா?
– ஆசிரியர், மல்லாவி

பதில்: இரண்டையும் நினைக்க முதல் ஒன்றைப் பாருங்கள். பெயரைச் சொல்லித் தோளில் தொடுங்கள். பகற்கனவு என்றால் திரும்பிப் பார்ப்பான். தொட்டும் அசையாமல் பத்து, பதினைந்து விநாடி நின்று, ஒன்றும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். விழாமலும் கைகால் உதறாமலும் வருவதால் வருடக்கணக்கில் 'கவனமில்லாதவன்' என்று பேச்சு வாங்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு கிழமைக்கு நேரம், எத்தனை விநாடி, ஒரு நாளில் எத்தனை தடவை என்று குறித்து, அந்தத் தாளைத் தாயிடம் கொடுத்துக் குழந்தை வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்புங்கள். அதுவரை கிணற்றடிக்கும் குளத்துக்கும் தனியே விட வேண்டாம் என்றும் தாயிடம் சொல்லுங்கள்.