பில்ட் தேதி ஏன் பழையதாகவே நிற்கிறது?

கேள்வி: சி மொழியில் எழுதிய எங்கள் நிரல் பல கருவிகளில் ஓடுகிறது. எதில் எந்த பில்ட் இருக்கிறது என்று அறிய, நிரல் தொடங்கியதும் டேட், டைம் மேக்ரோக்களை (கம்பைல் ஆகும்போது கம்பைலரே தேதியும் நேரமும் நிரப்பும் பெயர்கள்) லாகில் பதிக்கிறேன். இன்று திருத்தி பில்ட் செய்தாலும் மூன்று நாளுக்கு முந்தைய தேதியே வருகிறது. கம்பைலரில் பிழையா?

பதில்: கம்பைலர் சரியாகத்தான் வேலை செய்கிறது. __டேட்__ என்பது நிரல் முழுவதும் உருவான நாளைச் சொல்வதில்லை. அது எழுதப்பட்டிருக்கும் அந்த ஒரு சோர்ஸ் கோப்பு எப்போது கம்பைல் ஆனதோ அந்த நாளைத்தான் சொல்லும். உங்கள் மேக்ரோ மெயின் கோப்பில் இருக்கிறது. நீங்கள் திருத்தியது வேறொரு கோப்பை. பில்டை நடத்தும் மேக் கருவி, திருத்திய கோப்பை மட்டும் கம்பைல் செய்துவிட்டு, மெயினின் பழைய ஆப்ஜெக்ட் கோப்பை (முன்பே கம்பைல் ஆகிக் கிடைத்ததை) அப்படியே எடுத்து மற்றவற்றோடு இணைக்கிறது, அதாவது லிங்க் செய்கிறது. அதற்குள் உறைந்திருப்பது பழைய தேதி.

இதற்கு __டைம்ஸ்டாம்ப்__ போடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், அது சோர்ஸ் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம். ஹெடர் கோப்பில் மேக்ரோவை வைப்பது இன்னும் மோசம்: அதைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு நேரத்தைச் சொல்லும்.

பில்ட் விவரத்துக்கென்றே ஒரு சிறிய சி கோப்பை ஒதுக்குங்கள். அதில் ஒரே ஒரு மாறிலிச் சரம் போதும்:

"பில்ட்: " __டேட்__ " " __டைம்__ " " __வெர்ஷன்__

அடுத்தடுத்து வரும் சரங்களைக் கம்பைலரே ஒட்டிவிடும் என்பதால் ஓடும்போது எந்த வேலையும் இல்லை. ஹெடரில் அந்தச் சரத்தின் அறிவிப்பு மட்டும் இருக்கட்டும். மேக் கருவிக்கான விதிகள் இருக்கும் மேக்ஃபைலில், லிங்க் செய்யும் விதிக்குள்ளேயே இந்தக் கோப்பைக் கம்பைல் செய்யும் கட்டளையையும் எழுதிவிடுங்கள். எந்தக் கோப்பு மாறி மறுபடி லிங்க் நடந்தாலும் தேதி புதிதாகும். எதுவும் மாறாவிட்டால் வீண் கம்பைலும் இல்லை.

தேதிச் சரம் எப்போதும் 11 எழுத்து. நாள் 10க்குக் குறைவாக இருந்தால் முன்னால் சுழியம் வராது, வெற்றிடம்தான் வரும். லாகைப் பிரித்துப் படிக்கும் கருவிகள் பல இங்கேதான் தடுமாறுகின்றன. கம்பைலரின் பதிப்பைச் சொல்லும் __வெர்ஷன்__ ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் கிடைக்கும். சி தரத்தில் இல்லை. கிளாங்கும் தன்னை ஜிசிசி என்று அறிவித்துக்கொள்ளும் என்பதால், கம்பைலர் எது என்று பார்த்துப் பிரிக்கும்போது கிளாங்கை முதலில் சோதியுங்கள்.

ஆனாலும் தேதியை மட்டும் நம்பி ஒரு பில்டை அடையாளம் காணாதீர்கள். ஒரே நாளில் இருவர் இரண்டு கிளைகளிலிருந்து பில்ட் செய்தால் தேதி என்ன சொல்லிவிடும்? கிட் கமிட் எண்ணை (சோர்ஸின் எந்த நிலை என்று காட்டும் அடையாளம்) கம்பைலருக்கு மைனஸ் டி (-D, கட்டளையிலேயே மேக்ரோவை வரையறுக்கும் விருப்பம்) வழியாக மேற்கோளிட்ட சரமாக அனுப்பி, அதே சரத்தில் சேருங்கள். ஆனால் அந்த மேற்கோள் குறியைக் கட்டளையை இயக்கும் ஷெல் விழுங்கிவிடும். இரட்டை மேற்கோளைச் சுற்றி ஒற்றை மேற்கோள் போட்டால் தப்பும். அந்த எண்ணை எடுத்துத்தரும் கிட் டிஸ்கிரைப் கட்டளையில் ஆல்வேஸ், டர்ட்டி விருப்பங்களைக் கொடுத்தால், கமிட் செய்யாத திருத்தங்கள் இருந்ததும் எண்ணின் பின்னொட்டாகத் தெரிந்துவிடும். நள்ளிரவில் பழுது தேடுபவருக்கு அந்தப் பின்னொட்டு மிகப் பெரிய உதவி.

ஒரே சோர்ஸிலிருந்து எப்போது பில்ட் செய்தாலும் பைட் மாறாத கோப்பு வேண்டும் என்பது உங்கள் குழுவின் விதியா? அப்படியானால் டேட், டைம் இரண்டையும் எடுத்துவிட்டுக் கமிட் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிசிசியில் டேட்-டைம் எச்சரிக்கையை இயக்கினால், அவை எந்தெந்த வரிகளில் மிச்சம் இருக்கின்றன என்று காட்டிவிடும்.