வெயில்கால சூட், கையைக் கடிக்காமல்: வாசகர் கேள்விகள்

என்னிடம் உள்ள பணம் ஒரு சுமாரான சூட்டுக்குத்தான் போதும். ரெடிமேட் வாங்கட்டுமா, தைக்கட்டுமா?

ரெடிமேட் வாங்குங்கள். ஆனால் இருக்கும் பணம் முழுவதையும் கடையிலேயே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை டெய்லருக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். விலை குறைந்த சூட்டை நல்ல டெய்லர் உடம்புக்குப் பிடித்துக் கொடுத்தால் பார்க்க நன்றாகவே இருக்கும். விலை உயர்ந்த சூட் உடம்பில் தொளதொளவென்று தொங்கினால் இரவல் வாங்கியதோ என்றுதான் தோன்றும். குறைந்த காசுக்குத் தைத்துத் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் துணியில்தான் மிச்சம் பிடிப்பார்.

தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தது. "ஆல்டர் பண்ணிக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். நம்பலாமா?

நம்ப வேண்டாம். தோளைச் சரிசெய்ய கையைப் பிரிக்க வேண்டும், பேடை எடுக்க வேண்டும், லைனிங்கை அவிழ்க்க வேண்டும். பாதி கோட்டைத் திரும்பத் தைப்பது போன்ற வேலை அது. கூலி கோட்டின் விலையை நெருங்கிவிடும், முடிவும் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. நானும் ஒருமுறை தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு அங்குலம் பெரிய தோளோடு வாங்கி, இரண்டு முறை போட்டுவிட்டு மூட்டை கட்டி வைத்தவன்தான்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் கை படுவதற்கு முன்பே தோள் பேட் சுவரில் முட்டினால் அளவு பெரிது. அப்புறம் பிடரியைப் பாருங்கள். சட்டைக் காலருக்கும் கோட் காலருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அந்தக் கோட்டை வைத்துவிடுங்கள். பட்டன் போட்டதும் வயிற்றில் பெருக்கல் குறி போலச் சுருக்கம் விழுந்தால் இறுக்கம்.

இடுப்பைப் பிடிப்பது, பேன்ட் நீளத்தைக் குறைப்பது எல்லாம் சுலபமான வேலை. கை நீளமும் அப்படித்தான், ஆனால் கைப் பட்டனுக்கு நிஜமாகவே காஜா வெட்டியிருந்தால் சிக்கல். கையைக் கீழிருந்து சுருக்கினால் பட்டன்கள் விளிம்புக்கு வந்துவிடும். கோட்டின் நீளத்தையும் அதிகம் குறைக்க முடியாது, பாக்கெட் கீழே இறங்கியது போல ஆகிவிடும்.

வெயிலுக்கு லினன்தானே? கம்பளி சூட்டைக் காட்டுகிறார்களே!

கம்பளி என்றதும் போர்வைதான் நினைவுக்கு வரும். ஆனால் மெல்லிய நூலில் இடைவெளி விட்டு நெய்த கம்பளித் துணி உண்டு, டிராப்பிகல் வுல் என்பார்கள். காற்று உள்ளே போகும், வியர்வை ஈரத்தை உறிஞ்சும், மாலையில் மாட்டி வைத்தால் காலைக்குள் சுருக்கம் பெரும்பாலும் போய்விடும். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் நல்லது. மீட்டருக்கு 220 முதல் 270 கிராம் எடை போதும்.

லினன் உட்கார்ந்து எழுந்ததும் கசங்கும். அந்தக் கசங்கலே அதற்கு ஒரு அழகு, ஆனால் நேர்முகத் தேர்வுக்கு உதவாது. பருத்தி விலை குறைவு, முழங்கால் சீக்கிரம் புடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம்விட முக்கியம் லைனிங். அசல் லினனாகவே இருந்தாலும் உள்ளே முழுக்கப் பாலியெஸ்டர் லைனிங் என்றால் பிளாஸ்டிக் பைக்குள் உட்கார்ந்த கதைதான். முதுகில் லைனிங் இல்லாததாக, தோளிலும் கையிலும் மட்டும் இருப்பதாகத் தேடுங்கள்.

"சூப்பர் 150" என்று லேபிளில் இருந்தால் உயர்ந்த ரகமா?

அது கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும் எண், அவ்வளவுதான். எண் கூடக் கூட வழவழப்பும் கூடும், உழைப்பு குறையும். ஒரே சூட்டைத் திரும்பத் திரும்பப் போடப் போகிறவருக்கு 100, 110 போதும்.

மார்பு அகலம், இடுப்பு சிறுத்தது எனக்கு. எந்த சூட்டும் பொருந்தவில்லை.

உங்கள் மேல் தப்பு இல்லை. ரெடிமேட் சூட்டுகளில் பெரும்பாலும் மார்பளவுக்கும் பேன்ட் இடுப்புக்கும் 6 அங்குல வித்தியாசம்தான் வைக்கிறார்கள். கோட்டும் பேன்ட்டும் தனித்தனி அளவில் விற்கும் கடையாகப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டையும் வாங்கிவிடுங்கள், தள்ளி வாங்கினால் சாயம் லேசாக மாறியிருக்கலாம்.

ஒருவர் போட்ட பழைய சூட் வாங்கலாமா?

தாராளமாக. குறைந்த காசில் நல்ல துணி கிடைக்கும் வழியே இதுதான். அக்குளில் கறை, பேன்ட்டின் தொடையிடுக்கில் தேய்மானம், பூச்சி அரித்த ஓட்டை, மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். கோட்டின் மார்புப் பகுதி கொப்புளம் போல எழும்பியிருந்தால் உள்துணியின் பசை விட்டுவிட்டது, எந்த டெய்லராலும் சரிசெய்ய முடியாது. பேன்ட் இடுப்பின் பின் தையலில் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். அந்த அளவுக்குத்தான் பிரித்து விட முடியும்.

புது கோட்டின் பின்பக்கப் பிளவில் நூலால் குறுக்கே தைத்திருக்கிறதே, டிசைனா?

இல்லை, கடைக்கு வரும் வழியில் கலையாமல் இருக்கப் போட்ட தையல். வெட்டி எடுத்துவிடுங்கள். பாக்கெட்டும் அப்படி மூடியிருக்கும், அதை விட்டுவைத்தால் கண்டதையும் திணித்துத் தொங்கவிட மாட்டீர்கள்.