வாங்குமுன் கேளுங்கள்: சிறிய மின்சாரக் கார்கள்

கேள்வி: டியாகோ, ஈசி3, பஞ்ச் ஆகிய மூன்று மின்சாரக் கார்களும் விரைவு சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். மூன்றும் சமம்தானே? விலை குறைந்ததை எடுத்துவிடலாமா?
— திருவொற்றியூர் வாசகர்

பதில்: சமம் இல்லை. பல ஆண்டுகளாக நான் வருந்திச் சொல்லிவரும் குறை இதுதான்: சதவீதத்தில் எழுதப்படும் சார்ஜிங் வேகம் வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை. 24 யூனிட் பேட்டரி கொண்ட டியாகோவில் 70 சதவீதம் என்பது 16.8 யூனிட். 29.2 யூனிட் ஈசி3-இல் அதே 70 சதவீதம் 20.4 யூனிட், 35 யூனிட் பஞ்சில் 24.5 யூனிட். ஆக, ஒரே அளவு நேரம் காத்திருந்தும் பஞ்சுக்குள் டியாகோவைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மின்சாரம் ஏறிவிடுகிறது. ஆனால் பஞ்ச் எடை கூடிய வண்டி, அதிகம் செலவழிக்கும். டியாகோ 100 கிலோமீட்டருக்கு 12 யூனிட்டும் பஞ்ச் 14 யூனிட்டும் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு முதல் வண்டிக்கு 140 கிலோமீட்டரையும் இரண்டாவதற்கு 175 கிலோமீட்டரையும் தருகிறது. ஷோரூமில் நீங்கள் கேட்க வேண்டிய கணக்கு இது.

சார்ஜர் கம்பத்தில் 50 கிலோவாட், 120 கிலோவாட் என்று எழுதியிருப்பதைக் கண்டும் மயங்க வேண்டாம். எவ்வளவு வாங்கிக்கொள்வது என்பதைக் காரே தீர்மானிக்கிறது. மேலே சொன்ன டியாகோ கணக்கில் சராசரி வேகம் 17 கிலோவாட் அளவுதான். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் படிப்படியாகக் குறைக்கப்படுவதால், நெடுஞ்சாலையில் நூறு வரை காத்திருப்பது வீண்.

ஓடும் தூரத்துக்கும் இதே கவனம் தேவை. விளம்பரத்தில் வரும் கிலோமீட்டர், ஆய்வுக்கூடத்தில் ஏசி இல்லாமல் குறித்த வேகச் சுழற்சியில் ஓட்டிப் பெற்றது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது, ஒரு கிலோவாட் இழுக்கும் ஏசி மட்டுமே 100 கிலோமீட்டருக்கு ஆறேழு யூனிட்டைத் தின்றுவிடும். அதே ஏசி 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு யூனிட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். ஆகவே சித்திரை வெயிலில், நீங்கள் தினமும் போகும் வழியிலேயே, ஏசியைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்க்காமல் எந்தக் காருக்கும் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: என் காரில் 3.3 கிலோவாட் சார்ஜர்தான் உள்ளது. வீட்டில் 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினால் வேகம் கூடுமா?
— மணலி வாசகர்

பதில்: வேகம் கூடாது. பெட்டி எவ்வளவு தந்தாலும், காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

கேள்வி: காமெட் காருக்கு முன்பணம் கட்டிவிட்டேன். வாராவாரம் திருப்பதி போய்வருவது எங்கள் வழக்கம். வழியில் விரைவு சார்ஜரில் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?
— மாதவரம் வாசகர்

பதில்: போட முடியாது. அந்தக் காரில் டிசி விரைவு சார்ஜிங் வசதியே கிடையாது. 17.3 யூனிட் பேட்டரி 3.3 கிலோவாட்டில் நிரம்ப 7 மணி நேரம் ஆகும். 7.4 கிலோவாட் ஏற்கும் வகைகள் 2024-இல் வந்தன. அவையும் மூன்றரை மணி நேரம் எடுக்கும். நகருக்குள் அது கெட்டிக்கார வண்டி; திருப்பதிக்குப் போய்வர உகந்ததல்ல. இதைக் கையெழுத்திடுவதற்கு முன்பு ஏன் கேட்கவில்லை? ஒன்பது லட்சம் ரூபாயை ஒட்டிய பொருளுக்கு விவரத் தாளின் ஒரு பக்கத்தைப் படிக்க நேரமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனையை இன்றே படித்து, எழுத்தில் ரத்து செய்யுங்கள்.

கேள்வி: ஏசி போட்டாலும் 280 கிலோமீட்டர் உறுதி என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதித் தந்தார். எனக்கு 185-க்கு மேல் கிடைத்ததே இல்லை. கேட்டால், நான் ஓட்டும் விதம் சரியில்லை என்கிறார்கள். கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.
— காசிமேடு வாசகர்

பதில்: தவறு உங்களுடையதல்ல. நானும் ஒரு முறை இப்படி ஏமாந்திருக்கிறேன்: 70 கிலோமீட்டர் ஓடும் என்ற வாய்ச்சொல்லை நம்பி ஈய பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன், அது 35-இல் நின்றது, என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. உங்களிடம் எழுத்து இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாய்மொழியாகவோ எழுத்திலோ மின்னணு வடிவிலோ தரப்படும் பொய்யான வாக்குறுதியை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே கருதுகிறது. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். ஒரு மாதம், ஒவ்வொரு முழு சார்ஜுக்கும் ஓடோமீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். முதலில் விற்பனையாளருக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 1915 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பயனில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் எல்லையிலேயே, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் செலுத்திய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்; வழக்கறிஞர் கட்டாயமில்லை; காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தயங்காதீர்கள்.

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறேன். ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் பெட்டியை இறக்கித் தெருவில் நிற்கும் காரைச் சார்ஜ் செய்யலாமா?
— வாசகி

பதில்: கூடவே கூடாது. மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று என் வீட்டில் ஸ்கூட்டர் சார்ஜருக்கே உருகிப் போனது, கார் 3.3 கிலோவாட்டை மணிக்கணக்கில் இழுக்கும். நில இணைப்புடன் தனியே இழுத்த 15 ஆம்பியர் பிளக் கீழே கிடைக்காதவரை, மின்சாரக் கார் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: கார் வந்த பிறகு மின்கட்டணம் நினைத்ததைவிட அதிகம் வருகிறது. மீட்டர் கோளாறா?
— வியாசர்பாடி வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டர். சார்ஜர் இழப்பையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 13.5 யூனிட் என்றால் 324 யூனிட். முன்பு 350 யூனிட் ஓடிய வீடு இப்போது 674-இல் நிற்கும். 500-ஐத் தாண்டியதும் கூடுதல் யூனிட்டுகள் உயர்ந்த விலைக்குப் போவதோடு, கீழ்ப்படி யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த மலிவு விலையில் ஒரு பகுதியும் பறிபோகிறது. காருக்கெனத் தனி இணைப்பு எடுத்தால் ஆதாயமா என்பதை, உங்கள் கடைசி மூன்று பில்களுடன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.